மருந்தென்று வரும் முட்டையும் நம் வீட்டுப் பயறும்

சிறுநீரகம் பழுதுபட்டு, வாரத்திற்கு இருமுறையோ மும்முறையோ இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்றுவரும் பெரியவர்கள் இன்று நம் சமுதாயக் குடும்பங்களிலும் இருக்கின்றனர். அவர்தம் வீட்டாரிடமிருந்து அண்மைக் காலமாக நாம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. “இரத்தத்தில் புரதம் குறைந்துவிட்டது, நாளொன்றுக்கு இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு கொடுங்கள்” என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புகின்றனர். அதனை உணவாகக் கொள்ளாமல் மருந்தாகக் கொள்ளலாமா? உயிரைக் காத்துக்கொள்ளும் பொருட்டு உண்பதில் குற்றமுண்டா? பிறந்தது முதல் புலால் தீண்டாத ஒருவர்க்கு எழுபதாம் வயதில் இப்படியொரு சோதனை நேர்ந்தால் சிராவக தர்மம் என்ன வழி காட்டுகிறது?

மருத்துவர்மீது சினம் கொள்வதற்கு இதில் ஒன்றுமில்லை. இரத்தச் சுத்திகரிப்பின்போது கழிவுகளோடு புரதத்தின் கூறுகளும் ஓரளவு வெளியேறிவிடுகின்றன. ஆகவே அந்நிலையில் இருப்பவர்க்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று 2020-இல் வெளியான அமெரிக்கச் சிறுநீரக உணவு நெறிமுறைகள் கூறுகின்றன. அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு இது 60 முதல் 72 கிராம். முட்டையின் வெள்ளைக்கருவில் புரதம் உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு, விலையும் மலிவு. ஒரு நாளில் எத்தனையோ நோயாளிகளைப் பார்க்க வேண்டிய மருத்துவர்க்கு எளிதாகச் சொல்லக்கூடியது அதுவே. நம்முடைய நோன்பு அவர்க்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டியது நம் கடமை. பலர் அதைச் சொல்லவே கூசுகின்றனர்.

முதலில் ஒரு வாதத்தைத் தள்ளிவிடுவோம். கடையில் விற்கும் முட்டை கருவுறாதது, அதில் உயிரே இல்லை, ஆதலால் அது பாலைப் போன்றதே என்று நம் இளைஞர்கள் சிலர் கூறுகின்றனர். கடை முட்டை பெரும்பாலும் கருவுறாதது என்பது உண்மைதான். ஆயின் அந்த முட்டையிடும் கோழியின் கதையை முழுதும் கேட்க வேண்டும். முட்டைக்கென்று வளர்க்கும் இனத்தில் பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவல்கள். அவை முட்டையிடா, இறைச்சிக்கும் ஏற்றவை அல்ல என்பதால் பிறந்த அன்றே அழிக்கப்படுகின்றன. பெட்டைகள் தம் வாழ்நாளைச் சிறகு விரிக்க இடமில்லாத கம்பிக் கூட்டில் கழித்து, முட்டை குறைந்ததும் கசாப்புக்குப் போகின்றன. வெள்ளைக்கருவில் உயிர் உண்டா என்று ஆராய்வதால் இந்த இம்சை மறைந்துவிடாது.

சேலத்தைக் கடந்தால் நாமக்கல். தமிழகத்தின் முட்டை பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரும்புக்கும் நெல்லுக்கும் அடுத்துக் கண்ணுக்கெட்டும் தொலைவு விளையும் மக்காச்சோளத்திற்குக் கோழித் தீவனமே பெரிய சந்தை. அத்தீவனத்தில் மக்காச்சோளத்தோடு சேர்வது சோயாப் புண்ணாக்கு. புரதத்திற்காகக் கோழிக்குச் சோயாவைப் போட்டு, கோழியிடமிருந்து அதே புரதத்தை முட்டையாக எடுக்கின்றனர். நடுவில் இருக்கும் கோழியை விட்டுவிட்டு, அந்தச் சோயாவையும் நம் வீட்டுப் பயறு வகைகளையும் நேரே உண்டால் போதாதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கணக்குப் பார்ப்போம். இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவில் கிடைக்கும் புரதம் ஏறத்தாழ 7 கிராம். முப்பது கிராம் துவரம்பருப்பிலும் அவ்வளவே இருக்கிறது. ஒரு தம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், அதற்குச் சற்றுக் குறைவு. நாற்பது கிராம் பனீரில் அதே அளவு. ‘மீல்மேக்கர்’ என்ற பெயரில் நம் பெண்கள் அறிந்திருக்கும் சோயா உருண்டையில் பாதிக்குமேல் புரதமே ஆதலால் 14 கிராம் போதும். பயறு வகைகளின் புரதத்தில் சில கூறுகள் குறைவு என்பது பழைய குறை. சோறோ சாமையோ உடன் சேரும்போது அது நிரம்பிவிடுகிறது. சோயாவுக்கு அக்குறையும் பெரிதாக இல்லை. ஆக “உயிரா, விரதமா” என்று நம்மை நடுங்க வைக்கும் வினா இங்கு உண்மையில் எழவே இல்லை. 7 கிராம் புரதத்தை வேறெங்கே பெறுவது என்ற அடுக்களைக் கணக்குதான் எழுந்திருக்கிறது.

இதற்காகச் சட்டி நிறையப் பருப்பை வேகவைத்து நோயாளியின் முன் வைத்துவிடுவதும் பேராபத்து. பயறு வகைகளில் பொட்டாசியம் மிகுதி. பழுதுபட்ட சிறுநீரகம் அதனை வெளியேற்ற மாட்டாது. இரத்தத்தில் அளவு ஏறினால் இதயத்துடிப்பே நின்றுபோகக் கூடும். முப்பது கிராம் துவரம்பருப்பில் 400 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. மீல்மேக்கரிலும் மிகுதியே. ஆகவே பருப்பைப் பல மணி நேரம் ஊறவைத்து அந்நீரைக் கொட்டி, நிறைய நீரில் வேகவைத்து அந்நீரையும் வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும். பருப்புத் தண்ணீரில்தான் சத்து என்று ரசமாக்கும் நம் பழக்கம் இவர்களுக்கு மட்டும் ஆகாது. சோயாப் பாலைத் திரித்துப் பிழிந்தெடுக்கும் டோஃபு இவ்வகையில் நல்லது. அதில் புரதம் தங்க, பொட்டாசியத்தின் பெரும்பகுதி நீரோடு போய்விடுகிறது. பாலின் மோர்ப்புரதத்திலிருந்து ஆக்கிய பொடிகளும் கிடைக்கின்றன. பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எதுவாயினும் அளவை மருத்துவரும் உணவியல் வல்லுநரும் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தே வரையறுக்க வேண்டும். “ஐயா, நாங்கள் சமணர், முட்டை உண்பதில்லை, வேறு வகையில் இந்த அளவை ஈடுசெய்யத் திட்டம் தாருங்கள்” என்று கேட்டால் மறுக்கும் மருத்துவரை நாம் கண்டதில்லை. கள்ளக்குறிச்சிக்கு அண்மையில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்ட பின்னர் இவ்வாறு கேட்பதற்குச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ ஓட வேண்டிய தேவையும் குறைந்திருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் பழுதுபடத் தொடங்கி, சுத்திகரிப்பு நிலையை இன்னும் எட்டாதவர்க்கு விதி நேரெதிர். அவர் புரதத்தைக் குறைக்க வேண்டும், கிலோவுக்கு 0.6 கிராம் அளவே பலர்க்கும் பரிந்துரைக்கப்படுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர்க்குச் சொன்ன உணவை நம் வீட்டுப் பெரியவர்க்குக் கொடுப்பது இதனால்தான் தவறாகிறது. அந்தக் குறைந்த புரதத்தையும் பயறு வகைகளிலிருந்து பெறுவது மேல் என்று கருத இடமிருக்கிறது. பயற்றில் பாஸ்பரஸ் ஃபைட்டேட் என்னும் வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. அதனைப் பிரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. ஆகவே பெரும்பகுதி உடலில் சேராமல் கழிந்துவிடும். 2011-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தார் சிறுநீரக நோயாளிகள் ஒன்பது பேர்க்கு ஒரு வாரம் இறைச்சிப் புரதமும் ஒரு வாரம் தாவரப் புரதமும் கொடுத்துப் பார்த்தனர். பாஸ்பரஸ் அளவு இரு உணவிலும் ஒன்றே. இரத்தத்தில் சேர்ந்தது தாவர உணவு உண்ட வாரத்தில் குறைவு. ஒன்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் காரணம் விளங்கும் முடிவு அது. பொட்டலத்தில் வரும் தின்பண்டங்களிலும் புட்டியில் வரும் கறுப்புப் பானங்களிலும் சேர்க்கும் பாஸ்பேட் உப்போ ஏறத்தாழ முழுதும் உடலில் சேர்கிறது. சுத்த சைவம் என்று அவற்றை வாங்கிக் கொடுக்கும் வீட்டார் கவனிக்க.

இனி அறத்தின் பக்கம் வருவோம். சில வீடுகளில், பெரியவர் மறுப்பார் என்று அஞ்சி, வெள்ளைக்கருவைக் கஞ்சியிலோ மாவிலோ கலந்து அவரறியாமல் கொடுத்துவிடுகின்றனர். அன்பினால்தான் செய்கின்றனர் என்பதை நாம் ஐயுறவில்லை. உண்டவர்க்கு அறிவும் இல்லை, எண்ணமும் இல்லை. ஜினதர்மம் வினையைப் பாவத்தோடு, அதாவது உள்ளத்தின் கருத்தோடு, இயைத்தே பார்க்கிறது. ஆனால் கலந்தவர் கொல்லாமை, பொய்யாமை என்ற இரு அணுவிரதங்களையும் ஒரே கிண்ணத்தில் கரைத்துவிடுகிறார். அதனினும் கொடியது ஒன்றுண்டு. அறுபது ஆண்டுகள் ஒருவர் காத்த நோன்பை, அவர் படுக்கையில் விழுந்து தமக்கு வருவதைத் தாமே சோதிக்க இயலாத வேளை பார்த்து, மற்றொருவர் முறித்துவிடுகிறார். மருத்துவமனையில் கையொப்பம் கேட்காமல் கத்தியை வைப்பார்களா? நோயாளியின் இசைவு உடலுக்கு வேண்டுமென்றால் அவருடைய விரதத்திற்கும் வேண்டும்.

இதற்கு மறுபுறமாக, “இனி எனக்கு ஒன்றும் வேண்டா, உணவை நிறுத்திவிடுகிறேன், சல்லேகனை” என்று கூறும் பெரியவர்களும் உளர். சமந்தபத்ராசாரியர் தம் இரத்தினகரண்டகத்தில் சல்லேகனைக்கு உரிய வேளைகளைச் சொல்லும்போது, நோயைக் குறிக்குமிடத்து, மாற்று வழியில்லாத நோய் என்ற வரையறையை வைத்திருக்கிறார். உணவை மாற்றினால் இன்னும் பல ஆண்டுகள் கோயிலுக்கு நடந்து செல்லக்கூடியவர் சலிப்பினால் உணவைத் துறப்பது அதில் அடங்காது. மாற்று வழியெல்லாம் தீர்ந்த நிலை எது என்பது வேறு பொருள். அது மருத்துவரும் துறவியரும் குடும்பத்தாரும் கூடி அமைதியாகப் பேச வேண்டியது.

உமாஸ்வாமி இம்சையை வரையறுக்கும்போது கவனமின்மையை, பிரமாதத்தை, அதன் வேராகக் காட்டினார். நம் வீடுகளில் நடப்பதை இவ்வரையறையின்மேல் வைத்துப் பார்த்தால் மனம் கூசுகிறது. சிறுநீரகம் ஒரே இரவில் பழுதுபடுவதில்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அரித்த பின்னரே பெரும்பாலோர்க்கு அந்நிலை வருகிறது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் நாம் என்ன உண்டோம்? சைவ உணவினர்க்கு இதயநோய் வாராது என்று பெருமை பேசிக்கொண்டே மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் அதன் மாவுமே உண்டோம். இடையில் முறுக்கு, வடை, பண்டிகைதோறும் நெய்ப் பலகாரம். உலக நலவாழ்வு நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று வரையறுக்க, ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் என்று அதன் இருமடங்கை உண்டோம். பருப்போ சாம்பாரில் பெயரளவுக்கு மிதக்கிறது. திருமண வீட்டுச் சாம்பாரில் அதனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரவு உண்ணாமை என்னும் நன்னோன்பைக் காப்பவர்களும், பொழுது சாயும் முன் இரு வேளைக்கு ஆவதை ஒருசேர உண்டுவிட்டு எழுவதைக் காண்கிறோம். அவமோதரியம் என்று, வயிறு நிரம்பும் முன் எழுவதைத் தவத்தில் ஒன்றாக வைத்த சமயம் நம்முடையது.

பயறு வகைகள் இதயத்திற்குச் செய்யும் நன்மை மந்திரமன்று. அவற்றிலுள்ள கரையும் நார்ப்பொருள் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. இழந்த பித்தத்தை ஆக்க ஈரல் இரத்தத்திலுள்ள கொழுப்பை எடுத்துக்கொள்கிறது. கனடா நாட்டு ஆய்வாளர்கள் பல சோதனைகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, நாள்தோறும் வெந்த பயறு 130 கிராம், அதாவது ஒரு நடுத்தரக் கிண்ணம், உண்டோர்க்கு எல்.டி.எல். என்னும் தீய கொழுப்பு நூற்றுக்கு 5 அளவு குறைந்தது. மருந்தை நிறுத்திவிடத் தக்க அளவன்று இது. ஆனால் நாள்தோறும் கிடைப்பது. சோற்றைக் குறைத்து அவ்விடத்தில் பயறு வைத்தால் உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவதும் தணிகிறது.

சோயாவைப் பற்றிய கதை சற்று வேறு. நாள்தோறும் 25 கிராம் சோயாப் புரதம் உண்டால் இதயநோய் குறையக்கூடும் என்று பொட்டலத்தில் அச்சிட்டுக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 1999-இல் இசைந்தது. 2006-இல் அந்நாட்டு இதயநலச் சங்கம் ஆராய்ந்து, தீய கொழுப்பு நூற்றுக்கு 3 அளவே குறைகிறது என்றது. 2017-இல் ஆணையமே முன்பு தந்த இசைவைத் திரும்பப் பெற முன்மொழிந்தது. சோயா கெட்டது என்று யாரும் சொல்லவில்லை; இறைச்சிக்கு மாற்றாக அது நல்ல உணவே. விளம்பரம் சொன்ன அளவுக்கு அற்புதம் அதில் இல்லை, அவ்வளவே. நம் கொல்லாமைக்கு இத்தகைய ஆய்வுகளை முட்டுக்கொடுத்து நிறுத்த முயலும் அன்பர்கள் இவ்வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அறிவியல் தன் கருத்தை மாற்றிக்கொள்வது அதற்கு அழகு. பயறு உடலுக்கு நல்லது என்பதால் நாம் புலால் மறுக்கவில்லை. நாளை எவரேனும் புலாலே இதயத்திற்கு நல்லது என்று மெய்ப்பித்தாலும் ஆட்டின் கழுத்து வலிப்பது குறையப்போவதில்லை.

முளைகட்டிய பயறு பற்றியும் கேட்கின்றனர். நாளேடுகளெல்லாம் அதனைப் புகழ்கின்றன. முளையில் எண்ணற்ற உயிர்கள் என்று நம்மில் பலர் விலக்குகின்றனர். விலக்குவதால் இழப்பு ஒன்றுமில்லை. முளை கட்டுவதால் கூடுவதில் முக்கியமானது வைட்டமின் சி. அது வேண்டுமெனில் நெல்லிக்காய் இருக்கிறது. புரதமும் நாரும் ஊறவைத்து வேகவைத்த பயற்றிலேயே முழுமையாக உண்டு.

நம் மாவட்டத்தை எண்ணாமல் இப்பொருளை முடிக்க இயலாது. அப்பாண்டைநாதர் எழுந்தருளியிருக்கும் திருநறுங்கொண்டை உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியில் இருக்கிறது, ஊர்ப்பெயரிலேயே உளுந்து. மேற்கே கல்வராயன் மலை. 1976-இல்தான் ஜாகீர் முறை ஒழிந்து அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்த மலை அது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றோடு அவரை, மொச்சை, துவரையை ஊடுபயிராக இட்டு உண்டு வந்தனர். தானியமும் பயறும் ஒரே நிலத்தில், ஒரே கலத்தில். பின்னர் மரவள்ளி பரவியது. அதன் கிழங்கு ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது, பணம் மேலேறுகிறது. பணம் வேண்டியதே, அதைக் குறை சொல்லக் கீழே இருக்கும் நமக்கு உரிமையில்லை. ஆனால் சாமையும் மொச்சையும் இருந்த கலத்தில் இன்று பெரும்பாலும் அரிசி மட்டுமே இருக்கிறது.

அம்மலைப் பள்ளிக் குழந்தைகளின் சத்துணவில் முட்டை சேர்வதை எதிர்த்து நாம் தீர்மானம் இயற்ற வேண்டும் என்று ஓர் அன்பர் வற்புறுத்தினார். நாம் இசையவில்லை. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரும் ஏற்பாடு அத்திட்டத்திலேயே இருக்கிறது; பயறும் கொண்டைக்கடலையும் வாரத்தில் ஒருநாள் உண்டு. வயிறு காய்ந்த பிள்ளையின் தட்டிலிருந்து, அதன் பெற்றோர் விரும்பும் ஒன்றை எடுத்துவிடுவதற்கு அகிம்சை என்று பெயரிடுவது நமக்கு உடன்பாடன்று. ஆகாரதானம், ஔஷததானம் என்று நம் முன்னோர் தானத்தை வகுத்தனர். பயறு இரண்டுமாகும். எடுப்பதைப் பற்றிப் பேசும் முன், அத்தட்டில் வைப்பதற்கு நாம் எத்தனை மூட்டை பச்சைப்பயறு அனுப்பினோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். இதுவரை காட்டத்தக்க கணக்கு நம்மிடம் இல்லை.

வயலில் வேலை செய்வோரின் சிறுநீரகம் பற்றியும் ஒரு சொல். தமிழகத்து உழவுத் தொழிலாளரிடையே நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு ஐவர்க்குச் சற்று மேற்பட்டோர்க்குச் சிறுநீரக நோய் காணப்பட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவுமில்லை. கடும் வெயிலில் போதிய நீரின்றி உழைப்பது காரணங்களுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்று ஐயுறுகின்றனர். நம்மில் நிலமுடையோர் பலர். நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் வருவோர்க்கு நிழலும் குடிநீரும் நண்பகல் ஓய்வும் தருவதை ஜீவகாருண்யக் கணக்கில் சேர்க்காமல் எறும்புக்கு மட்டும் மாவிடுவது எவ்வகை அறமோ, நாம் அறியோம்.

பயறு வாங்கும் குடும்பத்தார்க்கு ஒரு நடைமுறைச் செய்தி. ஆண்டுக்குத் தேவையானதை ஒருசேர வாங்கி வைத்து, வண்டு பிடித்தபின் வெயிலில் கொட்டி ஆயிரக்கணக்கான உயிர்களைத் துடிக்க வைப்பது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. உடைத்த பருப்பாயின் மாதத்திற்கு ஆவதை மட்டும் வாங்குக. முழுத் துவரை கிடைப்பின் நம் பாட்டிமார் செய்தபடி செம்மண் கரைசலில் பிசறி, நன்கு காயவைத்து, வண்டு முட்டையிடும் முன்பே மூடி வைத்துவிடலாம். வேண்டும்போது மண்ணைப் போக்கி உடைத்துக்கொள்ளலாம். மார்கழி, தை மாதங்களில் மலையிலிருந்து மொச்சை இறங்கும். பச்சையாக உரித்தது அன்றன்று சமைப்பதற்கு. காய்ந்ததை இரவு முழுதும் ஊறவைத்துத் தோல் பிதுக்கி, நன்கு கொதிக்க வேகவைத்த பின்னரே உண்ண வேண்டும். சிறுநீரக நோயாளி உள்ள வீட்டில் அவர்க்கென்று எடுக்கும் பங்கை வேறாக வேகவைத்து, நீரை வடித்து, உப்பிடும் முன் எடுத்து வைத்துவிடுக.